ஊறலும் தேறலும்

தமிழில் குடிக்கு வழங்கிவந்த பழைய சொற்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். தேறல், அரியல், பிழி, நறவு, மட்டு, தோப்பி. இவற்றில் முதல் மூன்றும் குடிக்கிறவனைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. கசடு அடியில் தங்கித் தேறியது தேறல். அரித்து எடுத்தது அரியல். பிழிந்தது பிழி. கை எதைச் செய்ததோ அதுவே பண்டத்துக்குப் பெயராகிவிட்டது. தாளின் மறுபாதியில் இன்றைய சொற்களை எழுதினேன். சரக்கு, குவார்ட்டர், ஆஃப், கட்டிங். ஒன்று வியாபாரியின் சொல், மற்றவை அளவுகள். எதிலிருந்து செய்தது, யார் செய்தது, எத்தனை நாள் காத்திருந்தது என்பதற்கெல்லாம் இச்சொற்களில் இடம் இல்லை.

இரண்டு பாதியிலும் சேராமல் ஒரு சொல் மிஞ்சியது: ஊறல். இத்தனை லிட்டர் ஊறல் கண்டுபிடித்துக் கொட்டி அழிக்கப்பட்டது என்று தினசரிகள் எழுதுகிற வாக்கியத்தில்தான் இந்தச் சொல் இன்று பெரும்பாலும் உயிரோடிருக்கிறது. வெல்லம், வேலம்பட்டை, அழுகின வாழைப்பழம் இவற்றைத் தண்ணீரில் போட்டுப் புளிக்கவைத்த கரைசல் அது. காய்ச்சி வடிப்பதற்கு முந்தைய நிலை. ஆனால் ஊறுகாயிலும் இதே வினைதானே இருக்கிறது? ஒரு வினைச்சொல்லின் ஒரு பிள்ளை சாப்பாட்டு இலையிலும் இன்னொரு பிள்ளை போலீஸ் அறிக்கையிலும் போய்ச் சேர்ந்தது எப்படி என்று கேட்டுப் பார்க்கிற முயற்சி இது. சொல்லாராய்ச்சி என் வேலை அல்ல. இந்தக் கேள்வியில் எனக்குச் சொந்தமான காரணம் ஒன்று இருக்கிறது.

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற சாலையில், பாலுசெட்டி சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது தாமல். பழைய தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்று இந்த ஊரின் பெயரைத் தாங்கியது. இன்று பஸ்ஸில் போகிறவர்களுக்கு அதன் பெரிய ஏரி மட்டும் கண்ணில் படும். அங்கே என் பெரியம்மா இருந்தாள். வீட்டில் ஒரு குழித்தறி. பெரியப்பா காஞ்சிபுரத்து முதலாளி ஒருவருக்கு நெய்து கொடுத்தார். பெரியம்மா தார் சுற்றுவாள். பாவுக்குக் கஞ்சி காய்ச்சுவாள். கார்த்திகை பிறந்தால் இன்னொரு வேலையும் உண்டு. நெல்லிக்காயைக் கழுவித் துடைத்து நிழலில் உலர்த்துவாள். உயரமான ஒரு பீங்கான் ஜாடியில் ஒரு அடுக்கு நெல்லிக்காய், ஒரு அடுக்கு பொடித்த வெல்லம் என்று கழுத்துவரை நிரப்புவாள். நடுவில் ஒரு துணி முடிப்பை வைப்பாள். முதல் சில நாட்கள் வாயைத் துணியால் மட்டும் கட்டிவைத்திருப்பாள். உள்ளே கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். சத்தம் அடங்கியபின் மூடி போட்டு, களிமண் பூசி, கொல்லையில் எருக்குழி ஓரமாகப் புதைத்துவிடுவாள். ஒரு மண்டலம் கழித்து எடுத்து வடித்தால் தேன் நிறத்தில் ஒரு திரவம். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பாலாடை, இருமுகிற கிழவருக்கு ஒரு பாலாடை. எனக்கு அரைப் பாலாடை கொடுத்து, ‘இது மருந்துடா கண்ணு, சாராயமில்ல’ என்பாள். நான் கேட்காத கேள்விக்கு அவள் ஏன் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

1974-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு முழுமையாகத் திரும்பி வந்தது. அந்த வருஷத்து மார்கழியில், பக்கத்துக் கிராமத்தில் சோதனை நடக்கிறது என்று ஒருநாள் காலை செய்தி வந்தது. எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை. வருவதாகவும் யாரும் சொல்லவில்லை. பெரியம்மா தானாகவே கொல்லைக்குப் போனாள், ஜாடியைத் தோண்டி எடுத்தாள், கால்வாயில் கவிழ்த்தாள். ஊறின நெல்லிக்காய்கள் சேற்றில் உருண்டன. கோழிகள் வந்து கொத்தின. சற்று நேரத்தில் ஒரு கோழி வலப்பக்கமாகவே வட்டம் போட ஆரம்பித்தது. இன்னொன்று திண்ணைமேல் ஏறப் பார்த்து ஏறமுடியாமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகள் நாங்கள் சிரித்தோம். பெரியம்மா சிரிக்கவில்லை. அதன்பின் அவள் ஜாடியைப் புதைக்கவில்லை.

கல்லூரியில் பத்துப்பாட்டு படிக்க நேர்ந்தபோது அந்தக் கோழிகளை மறுபடியும் பார்த்தேன். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் ஒரு மலைச்சுனை வருகிறது. பாறையில் மிளகு உதிர்ந்து கிடக்கிறது. மாம்பழங்கள் சுனையில் விழுகின்றன. பறவைகள் கலைத்த தேனடை ஒழுகுகிறது. பலாப்பழம் நெகிழ்ந்து சிந்துகிறது. எல்லாம் சேர்ந்து ஊறித் தேறலாக விளைந்துவிடுகிறது. தண்ணீர் என்று நினைத்து அதைக் குடித்த மயில், திருவிழாக் களத்தில் கயிற்றின்மேல் நடக்கிற ஆட்டக்காரியைப்போலத் தளர்ந்து நடக்கிறது. அகநானூற்றின் 2-ஆம் பாட்டும் கபிலருடையதே. அங்கே வாழைப்பழமும் பலாச்சுளையும் சுனையில் விழுந்து தேறலாகின்றன. அறியாமல் குடித்த ஆண் குரங்கு, பக்கத்திலிருக்கிற சந்தன மரத்தில் ஏறமாட்டாமல் பூக்கள்மேல் விழுந்து உறங்கிவிடுகிறது.

உள்ளுறை, நாடகத்தன்மை என்று இப்பாடல்களைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். நான் வேறொன்றைப் பார்க்கச் சொல்கிறேன். கனிகளிலிருந்து மது உண்டாகும் முறை இங்கே பிழையில்லாமல் இருக்கிறது. இனிப்பான பழம், அதன் தோலிலேயே ஒட்டியிருக்கும் நொதி, தேனின் சர்க்கரை, கலங்காத பள்ளத்தில் தேங்கிய நீர், கொஞ்சம் கால அவகாசம். மிளகு வாசனைக்கு. வேறு தேசத்தில் ஒருவன் இதைப் பார்த்திருந்தால் ஜாடியில் அப்படியே செய்து பார்த்திருப்பான். கபிலர் இதை விலங்குகளுக்கு விட்டுவிடுகிறார். இரண்டு பாட்டிலும் குடிப்பது தெரியாமல் குடிப்பது, செய்தவர் எவருமில்லை.

மனிதர் செய்த தேறலைக் கபிலர் அறியாதவரும் அல்லர். புறநானூற்றின் 120-ஆம் பாட்டில் பாரியின் நாட்டைப் பாடும்போது, நிலத்தில் புதைத்து முதிரவிட்ட தேறலைச் சொல்கிறார். முதிர்ந்தது என்பதற்கு அவர் போட்ட சொல் ‘பழுனிய’. பழுத்தல், பழம், பழுனுதல் எல்லாம் ஒரு குடும்பம். கனியிலிருந்து மதுவைச் செய்யாத ஒரு சமூகம், மது முதிர்வதைக் கனி பழுப்பதாகவே பார்த்திருக்கிறது. பெரியம்மா புதைத்துவிட்டு, ‘பழுக்கட்டும்’ என்றுதான் சொல்வாள். எந்தப் புலவனையும் படித்துவிட்டு அவள் அதைச் சொல்லவில்லை.

பழத்தை ஏன் தொடவில்லை? எனக்குத் தோன்றுவது இது. மாவும் பலாவும் வருஷத்தில் சில மாதங்களுக்கே. பனையும் தென்னையும் நாள்தோறும் சுரப்பவை. பாளையிலிருந்து இறக்கிய சாறு, கலயத்தில் சுண்ணாம்பு பூசாவிட்டால், சில மணி நேரத்திலேயே தானாகப் புளித்துக் கள்ளாகிவிடும். நெல்லோ குதிரில் வருஷம் முழுதும் இருப்பது. ஆகவே கைத்திறன் முழுவதும் பனையிலும் அரிசியிலும் போய்ச் சேர்ந்தது. அரிசியில் அது எவ்வளவு தூரம் போயிற்று என்பதற்குச் சாட்சி காஞ்சிக்குப் போகிற வழியிலேயே இருக்கிறது.

பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மேல் பாடியது. அவனுடைய ஊர் காஞ்சி. வழியில் வலைஞர் குடியிருப்பு வருகிறது. பாணனுக்கு அங்கே என்ன கிடைக்கும் என்று சொல்லவந்த புலவர், செய்முறையையே சொல்லிவிடுகிறார். தீட்டாத அரிசியைக் குழையக் களியாக்குவது. அகன்ற வாய்த் தட்டில் கொட்டி ஆற்றுவது. முளைகட்டிய தானியத்தை இடித்து அதில் கலப்பது. அந்த மாவு பாம்புப் புற்றுக்குள் இருக்கும் கறையான் கூட்டைப்போல இருக்கிறது என்று ஒரு உவமை. இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிடுவது. உறுதியான வாயுள்ள சாடியில் பச்சை வாடை போகும்வரை விளையவிடுவது. பிறகு வெந்நீர் விட்டு விரலால் அலைத்துப் பிழிவது. சுட்ட மீனோடு அது பரிமாறப்படுகிறது.

இதில் ஒரு படிகூட அலங்காரத்துக்காக வந்தது அல்ல. ஆற்றாமல் கலந்தால் சூட்டில் முளைமாவின் வீரியம் செத்துவிடும். முளைமாவு இல்லாவிட்டால் அரிசியின் மாப்பொருள் சர்க்கரையாக உடையாது. சர்க்கரை இல்லாவிட்டால் நொதிக்கு உணவில்லை. பார்லியை முளைக்கவைத்து எகிப்தியர் செய்ததற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. சீனரும் ஜப்பானியரும் இதே காரியத்தைப் பூஞ்சணத்தைக் கொண்டு செய்துகொண்டார்கள். இதே நூலில் இன்னோரிடத்தில், வீட்டிலேயே சமைத்த கள் என்ற பொருளில் ‘இல்லடு கள்’ என்ற சேர்க்கையும் வருகிறது. அடு என்றால் சமை. சோற்றுக்கும் கள்ளுக்கும் அன்று ஒரே அடுப்பு, ஒரே வினை.

அந்தக் காலம் முழுவதும் வீட்டு ஜாடிகளாலேயே நிரம்பியிருந்தது என்று நான் சொல்லவில்லை. இதே உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலையில் மது விற்கும் இடத்தில் கொடி பறக்கிறது. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் பாண்டியன் நன்மாறனுக்கு யவனர் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் ஊற்றித் தருகிறார்கள். கற்பனை அல்ல இது. அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் இரண்டு பிடி மதுச்சாடிகள் துண்டு துண்டாகக் கிடைத்தன. ஆக, பழத்தில் செய்த மது தமிழரசனின் கைக்கு வந்தபோது, அது இறக்குமதிச் சரக்காக, திராட்சையாக வந்தது. 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் சமஸ்கிருதத்தில் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் காஞ்சித் தெருக்களில் நடக்கிறது. போதையிலிருக்கும் கபாலி, கள்ளுக்கடையை வேள்விச் சாலையோடு ஒப்பிட்டுப் புகழ்கிறான்: குடிகாரர்கள் புரோகிதர்கள், மது சோமரசம், உளறல் மந்திரம். அபாரமான கிண்டல். ஆனால் அந்தக் கடையின் பின்கட்டில் யார் எதை ஊறவைத்தார்கள் என்பது அரசனுக்கு அக்கறையில்லாத விஷயம். வலைஞர் வீட்டில் விரலால் அலைத்தவளைப் பார்த்த கண் அந்த நாடகத்தில் இல்லை. அது கடைக்கு முன்னால் நிற்கிறவனின் பார்வை. நம் இலக்கியத்தில் பின்னால் பெருகியது இந்தப் பார்வையே.

புளிக்கவைப்பதால் மட்டும் கிடைக்கும் மதுவுக்கு ஒரு எல்லை உண்டு. நூற்றுக்குப் பதினைந்து பாகத்தை நெருங்கும்போது நொதி தான் உண்டாக்கிய சாராயத்திலேயே பெரும்பாலும் செத்துவிடும். அதைத் தாண்டக் காய்ச்சி வடிக்கவேண்டும். வடித்த சாராயம் கைக்கு வந்தபின்தான் பழத்தை இன்னொரு விதமாக ஊறவைப்பது சாத்தியமாயிற்று: பழம் புளிப்பதில்லை, சாராயம் அதன் மணத்தையும் நிறத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. ஐரோப்பாவில் மடங்களும் வீடுகளும் இதைத் தனிக்கலையாக வளர்த்தன. ஷார்த்ரூஸ் துறவிகளிடம் 1605-இல் வந்து சேர்ந்த ஒரு கையெழுத்துப் பிரதியிலிருந்துதான் அவர்களுடைய பச்சை நிற மது பிறந்தது. நம் கரையோரத்துக்கும் இதில் சிறு பங்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கத்திய சாராயத்தில் எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், வாசனைச் சரக்கு சேர்த்துக் குடித்த ‘பஞ்ச்’ என்ற பெயர் 1632-லேயே எழுத்தில் வந்துவிடுகிறது. ஐந்து என்ற நம் எண்ணிலிருந்து வந்த பெயர் என்று பலரும் கொள்வார்கள்.

பிறகு அவர்களே வந்து பூட்டினார்கள். 1886-ஆம் வருஷத்துச் சென்னை மாகாணத்தின் முதல் சட்டம் அப்காரிச் சட்டம். உரிமம் இல்லாமல் மது செய்வதும், கள்ளுக்காக மரம் சீவுவதும் அதன்படி குற்றம். குடிப்பதைக் குறைப்பது நோக்கமல்ல. தீர்வை கட்டாத ஒரு துளியும் இருக்கக்கூடாது என்பதே நோக்கம். அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1889-இல், உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சிட்டு வெளியிட்டார். காஞ்சிக்குப் போகிற வழியில் செய்த அரிசித் தேறலின் செய்முறை அச்சில் வந்து எல்லோருக்கும் கிடைத்தபோது, அதைச் செய்வது மூன்று வருஷமாகக் குற்றமாக இருந்தது. இந்த இரண்டு தேதிகளையும் யாராவது பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்களா என்று நான் தேடினேன். தமிழாசிரியர்களுக்கு முதல் தேதி தேவைப்படவில்லை. கலால் அதிகாரிகளுக்கு இரண்டாவது தேவைப்படவில்லை.

தேசியவாதிகள் அப்காரியை எதிர்த்தார்கள். ஆனால் ஜாடியை வீட்டுக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக எதிர்க்கவில்லை. ராஜாஜி திருச்செங்கோடு ஆசிரமத்திலிருந்து 1929-இல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை நடத்தினார். 1937-இல் முதலமைச்சரானதும் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1948-இல் அது மாகாணம் முழுவதற்கும் பரவியது. இதைப் பரிகாசம் செய்வது எழுத்தாளர்களுக்குச் சுலபம். கூலியைக் கடையிலேயே தொலைத்துவிட்டு வருகிறவனின் மனைவி அதைப் பரிகாசம் செய்யமாட்டாள். என் பெரியம்மாவேகூட மதுவிலக்குக்குத்தான் கை தூக்கியிருப்பாள். அவளுடைய தங்கை புருஷன் குடித்தே செத்தவர்.

ஆனால் நடந்தது என்ன? 1971-இல் விலக்கு தளர்ந்தது, 1974-இல் திரும்பியது, 1981-இல் மறுபடி தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் மொத்த வியாபாரத்துக்கென்று பிறந்தது. 1987-இல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. 2003-இல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் கைக்கு வந்தது. கள்ளுக்குத் தடை இன்றும் நீடிக்கிறது. ஆலைச் சரக்கு அரசாங்கக் கடையில் கிடைக்கிறது. அதாவது இந்த நூறு வருஷத்துச் சண்டையில் குடி ஒழியவில்லை, வீட்டில் செய்யும் அறிவு மட்டும் ஒழிந்தது. 1886-இன் நோக்கம் காந்தியத்தின் வழியாகவும் திராவிட ஆட்சிகளின் வழியாகவும் வந்து நிறைவேறிவிட்டது. இதை எந்தக் கட்சியின் தலையிலும் நான் கட்டவில்லை. எல்லோருமாகச் சேர்ந்து செய்தது.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும், வரவேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்கு முந்தின வருஷம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் செத்தார்கள். கண்டவனெல்லாம் காய்ச்சினால் இதுதான் கதி என்பார்கள். ஆனால் அவர்களைக் கொன்றது ஊறல் அல்ல. தொழிற்சாலைக்கான மெத்தனால், பழத்தையோ தானியத்தையோ பார்த்திராத ரசாயனம், வியாபாரத்துக்காகக் கலக்கப்பட்டது. பழம் ஊறும்போதும் மெத்தனால் துளியளவு உண்டாகும். நெல்லிக்காய் ஜாடியால் ஊர் சாவதில்லை. காய்ச்சி வடிப்பதை வீட்டுக்கு வீடு அனுமதிக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதில் தீயும் விஷமும் உண்டு. ஊறுவதற்கும் வடிப்பதற்கும் விற்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக்கூடச் சொல்லத்தெரியாத நிலைக்கு வந்துவிட்டோம் என்பதுதான் என் குறை. சொற்களைத் தொலைத்தவர்களுக்கு எல்லாம் சரக்குதான்.

ஜப்பானில் வீட்டில் மது புளிக்கவைப்பதற்கு 1899-இலிருந்து தடை. எனினும் வருஷந்தோறும் காய்வாட்டு உமே கனிகளைக் கற்கண்டோடு சாராயத்தில் ஊறப்போடுகிற வழக்கத்தை அங்கத்திய பெண்கள் விடவில்லை. 1962-இல் அரசாங்கம் சட்டத்தைத் திருத்தியது. தீர்வை கட்டி வாங்கிய, நூற்றுக்கு இருபது பாகமாவது வீரியமுள்ள சாராயத்தில், சொந்த உபயோகத்துக்காகப் பழத்தை ஊறவைக்கலாம். திராட்சையும் தானியமும் கூடாது. அவை மறுபடி புளிக்கும். ஒரு அரசாங்கம் உட்கார்ந்து, எது ஊறும், எது புளிக்கும் என்று ஜாடிக்குள் எட்டிப்பார்த்துச் சட்டம் எழுதியிருக்கிறது. நம்மிடமும் இத்தகைய நுட்பம் ஒரு இடத்தில் உண்டு. திராட்சாரிஷ்டமும் பிற ஆசவ அரிஷ்டங்களும் தாதகிப்பூ போட்டுப் புளிக்கவைத்தவையே. தாமாக விளைந்த சாராயம் அவற்றில் இருக்கிறது. மருந்துக் கடையில் வெளிப்படையாகக் கிடைக்கின்றன. லேபிள் ஒட்டிய ஆலைப் புட்டிக்கு அது மருந்து. பெரியம்மாவின் ஜாடிக்கு அந்த லேபிள் இல்லை. ‘மருந்துடா’ என்று அவள் வாயால் ஒட்டிப் பார்த்த லேபிள் செல்லவில்லை.

சென்ற தை மாதம் தாமலுக்குப் போயிருந்தேன். தறி எப்போதோ போய்விட்டது. அண்ணி அந்த ஜாடியை வைத்திருக்கிறார்கள், புளி அடைத்திருந்தது. நெல்லிக்கு எத்தனை வெல்லம், அந்தத் துணி முடிப்பில் என்ன இருந்தது என்று கேட்டேன். பொட்டலத்தைத் தாதகிப்பூ என்று நான் இப்போது ஊகிக்கிறேன். ஏலமும் கிராம்புமாகவும் இருக்கலாம். ‘அத்தை எங்க சொன்னாங்க? போலீஸ் பயத்துல பேச்சையே எடுக்கமாட்டாங்க’ என்றார்கள் அண்ணி. ஒரு போலீஸ்காரர்கூட வராத வீட்டில் ஐம்பது வருஷம் அந்தப் பயம் இருந்திருக்கிறது. வலைஞர் வீட்டுச் செய்முறை, ஒரு புலவன் வழியில் நின்று பார்த்ததால், இரண்டாயிரம் வருஷம் கழித்தும் என் மேஜைமேல் இருக்கிறது. பெரியம்மாவின் முடிப்பை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், அவிழ்த்துப் பார்க்கவில்லை. கோழிகளைப் பார்த்துச் சிரித்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.